ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

விசாலம் மாமி என்னைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதில் என் பாட்டு வகுப்பு அடியோடு போயிற்று.

தொண்ணூற்றாறில் நடந்தது அது. மராத்தி ஊரான சிஞ்ச்வட்டுக்குக் குடிவந்த புதிதில் எங்கள் சொசைட்டி ஃப்ளாட்டின் ஹாலிலேயே பாட்டு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். கும்பகோணத்தில் முறையாகக் கற்றுக்கொண்டவள் நான். முதல் வருஷமே பாய் போதாமல் போகிற அளவுக்குப் பெண்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் விசாலம் மாமியிடமிருந்து வந்தவர்கள். மாமி அந்த வட்டாரத்தில் பல வருஷமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். தமிழ் மண்டல் என்கிற எங்கள் சங்கத்தின் ராமநவமி உற்சவத்தில் அவள் கச்சேரி இல்லாமல் ஒரு வருஷமும் நடந்ததில்லை.

அந்த வருஷ ராமநவமியில், பானகம் விநியோகிக்கும் இடத்தில், அமலா என்பவள் விசாலம் மாமியிடம் கேட்டிருக்கிறாள். அமலாவின் பெண் ரீனா அப்போது என்னிடம் படித்துக்கொண்டிருந்தாள். "ராஜஸ்ரீ எப்படிச் சொல்லிக் குடுக்கறா மாமி?" என்று அவள் கேட்க, மாமி டம்ளரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாளாம்.

"குரல் நன்னாருக்கு. சுருதிதான் நிக்க மாட்டேங்கறது."

அவ்வளவுதான். திருடி என்று சொல்லியிருந்தால்கூட நாலு பேர் ஆதாரம் கேட்டிருப்பார்கள். பாட்டுக்காரிக்குச் சுருதி நிற்கவில்லை என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ரீனா முதலில் நின்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். பரீட்சை, டான்ஸ் கிளாஸ், தொண்டைப் புண். அடுத்த தீபாவளிக்குள் பாய்களைச் சுருட்டிப் பரணில் போட்டேன். உற்சவத்தில் எனக்குத் தனிக் கச்சேரி என்ற பேச்சே எழவில்லை. பஜனை கோஷ்டியில், மைக் எட்டாத வரிசையில், உட்காரச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே கறுவினேன்.

சுருதி எனக்கு நின்றது. அதை நான் அறிவேன். எதிரே வரும் ஆட்டோ ஹாரன் எந்த ஸ்வரத்தில் அலறுகிறது என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவேன். ஆனால் நம் காதை நாமே எடுத்து ஊராருக்குக் காட்ட முடியுமா? ஒன்பது வருஷம் மனசுக்குள் ஒரே ஆசைதான். இவளுடைய சுருதி ஒருநாள் மேடையில், எல்லார் முன்னாலும், கலைய வேண்டும். என்மேல் சொன்ன அதே வார்த்தையை ஊர் இவள்மேல் சொல்ல வேண்டும். சாமி படத்துக்கு முன்னால் நின்று இதைக் கேட்க எனக்கு வெட்கமே இருந்ததில்லை.

இரண்டாயிரத்து ஐந்து கோடையில் லோட் ஷெட்டிங் தலைவிரித்து ஆடியது. எந்தப் பேட்டைக்கு எப்போது கரண்ட் போகும் என்று பேப்பரிலேயே போட்டுவிடுவார்கள். எங்கள் மண்டல் ஹால் இருக்கும் பகுதிக்குச் சாயங்கால வேளை விழுந்தது. சரியாகக் கச்சேரி நேரம். மண்டல் செயலாளர் மகாதேவன் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவர் ஹரிபிரசாத்திடம் உட்கார்ந்தார்.

"ஹரி, உற்சவத்துக்குள்ள ஒரு இன்வர்ட்டர் வாங்கிடணும். ஜெனரேட்டர் வெச்சா அந்தச் சத்தத்துல ராமரே எழுந்து போயிடுவார். நீ எலெக்ட்ரிகல் ஆள். எது வாங்கலாம்னு நீயே பாத்துச் சொல்லு."

என் கணவருக்குச் சாகணில் கார் கம்பெனியில் வேலை. மெஷின் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அன்று இரவே ஹாலில் எத்தனை ஃபேன், எத்தனை ட்யூப்லைட், ஆரம்பிக்கும்போது ஃபேன் எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். வியாழக்கிழமை இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை. அன்றைக்குக் கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வரலாம் என்றார். எனக்கும் கேம்பில் புடவைக்கு ஃபால்ஸ் வாங்க வேண்டியிருந்தது. கூடப் போனேன். சத்தியமாக, வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனசில் ஃபால்ஸ் தவிர வேறு எதுவும் இல்லை.

அபுதாஹிரின் கடை கேம்பில் ஒரு சந்துக்குள் இருந்தது. ராமநாதபுரத்துக்காரர். பேட்டரி, இன்வர்ட்டர், வண்டிக்கான சாமான்கள் எல்லாம் விற்பார். வாடிக்கையாளரிடம் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"வாங்க சார், வாங்கக்கா. கார்ல வெச்சுக் குடுத்த பெட்டி நல்லா வேலை செய்யுதா?"

போன வருஷம் இவர்தான் அதை விற்றார். காரில் சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் சொருகுகிற சின்ன இன்வர்ட்டர். சாகண் போகிற வழியில் லாப்டாப்பைச் சார்ஜ் போட்டுக்கொள்ள என் கணவர் வாங்கினார்.

"லாப்டாப்புக்கு நன்னா இருக்கு. ஆனா ஒருநாள் என் சுருதிப் பெட்டியை அதுல சொருகினேன். உர்ர்னு ஒரு சத்தம், சுருதியே காதுல விழலை. ஏன் அப்படி?" என்று கேட்டேன்.

"அது ஸ்கொயர் வேவுக்கா. நம்ம வீட்டு கரண்டு அலை மாதிரி ஏறி இறங்கி நைஸா வரும். அந்தப் பெட்டி அலையைச் சதுரம் சதுரமா வெட்டிக் குடுக்கும். அதான் உறுமும். வீட்டு இன்வர்ட்டர்லயும் ரெண்டு வகை இருக்கு. ஸ்கொயர் வேவுல லைட்டு எரியும், ஃபேன் சுத்தும், ஆனா ஃபேன் முனகிக்கிட்டே சுத்தும். சைன் வேவுன்னா மெயின் கரண்டுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. இருங்க, காட்டுறேன்."

கடைக்குள் ஒரு சீலிங் ஃபேன் தொங்கியது. முதலில் சைன் வேவ் பெட்டியில் போட்டார். ஃபேன் சாதாரணமாகச் சுற்றியது. பிறகு மற்றப் பெட்டிக்கு மாற்றினார். ஃபேனின் வயிற்றுக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பி நிலையாக நின்றது. என் கணவர் அதற்குள் பேட்டரிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அண்ணாந்து நின்றேன். எனக்கு உடம்பெல்லாம் காது. மெல்ல வாய்க்குள் ஒரு ஸட்ஜம் பிடித்து அந்த முனகலோடு வைத்துப் பார்த்தேன். என் சுருதி ஐந்து கட்டை. பாடுகிற பெண்களில் பாதிப் பேருக்கு அதுதான் ஆதார ஸ்வரம். விசாலம் மாமிக்கும் அதுவேதான். ஃபேனின் முனகல் அந்த ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தது. தள்ளி இருந்தால் தொந்தரவில்லை, வேறு சத்தம் என்று காது ஒதுக்கிவிடும். இது ஒட்டியும் ஒட்டாமலும் பக்கத்திலேயே நின்றது. என் ஸட்ஜம் தானாக மேலே ஏறப் பார்த்தது. பிடித்து இழுத்து வைத்தேன். மறுபடி ஏறியது.

"என்னக்கா, ஃபேனுக்குப் பாட்டுச் சொல்லித் தாரீங்களா?" என்று அபுதாஹிர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஒன்பது வருஷத்தில் அப்படி மனசு விட்டுச் சிரித்தது அன்றுதான். ஹாலில் ஒரு ஃபேன் இல்லை, ஆறு ஃபேன். ஆறும் சேர்ந்து மாமியின் தலைக்கு மேல் இதே முனகலை முனகும். அவள் சுருதி எங்கே நிற்கிறது என்று அப்போது பார்க்கலாம்.

"இந்த முனகற பெட்டியே போதும்," என்றேன்.

என் கணவர் நிமிர்ந்தார். "கச்சேரி நடக்கற இடம். சத்தம் இடைஞ்சல் இல்லையா?"

"மைக் வெச்சுண்டு பாடறா. மைக் செட்டுக்கும் சுருதிப் பெட்டிக்கும் தனியா பேட்டரி இருக்கு. ஃபேன் சத்தம் யார் காதுல விழப்போறது? மண்டல் பணத்தை எதுக்கு வீணாக்கணும்?"

"இல்லக்கா, பாட்டுக்குன்னா நான் சைன் வேவுதான் சொல்லுவேன்," என்றார் அபுதாஹிர். "கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனா அப்புறம் என்னைத் திட்டக்கூடாது பாருங்க."

"பாடறவ நான். எனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் யார் என்ன பேசுவார்கள்? பாட்டு விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத ஒரே ஆள் இந்த உலகத்தில் என் கணவர்தான். பெட்டியும், நீண்ட நேரம் தாங்குகிற பெரிய பேட்டரியும் எங்கள் கார் டிக்கியில் ஏறின. சிஞ்ச்வட் வரைக்கும் நான் கல்யாணி ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஃபால்ஸ் வாங்க மறந்துவிட்டேன்.

ஞாயிறு காலை அவர் ஹாலில் பெட்டியைப் பொருத்தினார். மகாதேவன் மெயினை அணைத்துப் பார்த்தார். ஒரு நொடி ஃபேன்கள் தளர்ந்து, பெட்டி 'டக்' என்று சொல்லி, மறுபடி வேகம் பிடித்தன. முனகலும் எழுந்தது.

"லேசா முனகறதே," என்றார் மகாதேவன்.

"புதுசு இல்லையா? பழகினா சரியாயிடும்," என்றேன் நான்.

"அதானே," என்று அவர் திருப்தியாகத் தலையாட்டினார். இந்தக் காதை வைத்துக்கொண்டுதான் வருஷா வருஷம் யாருக்கு மேடை, யாருக்குப் பஜனைக் கோஷ்டி என்று இவர் தீர்மானித்தார்.

உற்சவத்தின் கடைசி நாள் மாமியின் கச்சேரி. ஹால் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் அமலா பட்டுப்புடவையில் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரீனாவுக்கு இந்த வருஷம் பத்தாவது முடிஞ்சுடுத்து. மறுபடி பாட்டு ஆரம்பிக்கணுங்கறா. மாமிக்கும் வயசாயிடுத்து. உன்கிட்டயே அனுப்பலாமான்னு யோசிக்கறேன்," என்றாள். இன்று சாயங்காலம் முடிந்ததும் யோசிக்கவே வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டு, "தாராளமா அனுப்பு," என்றேன். மேடைக்கு நேர் எதிரே, மூன்றாவது வரிசையில், மாமியின் முகம் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

மாமி அன்று நன்றாகவே பாடினாள். அதை மறைப்பானேன். வயதான குரலில் கொஞ்சம் காற்று கலந்திருந்தது. சுருதி மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது. கோகுல்நாத் மிருதங்கம் வாசித்தான். கல்யாணியை ஆரம்பித்து மேல் ஸட்ஜத்துக்குப் போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. எதிர்க் கட்டடத்துக் குழந்தைகள் "லைட் கேலி" என்று, கரண்ட் போய்விட்டதை மராத்தியில் கூவின. ஹால் ஒரு கணம் இருண்டு மறுபடி வெளிச்சமானது. ஆறு ஃபேன்களும் சுற்றின. ஜனங்கள் கைதட்டினார்கள். மகாதேவன் பெருமையாக என் கணவரின் முதுகில் தட்டினார்.

முனகல் எழுந்தது.

மாமியின் குரல் ஸட்ஜத்தில் நின்றுகொண்டிருந்தது. அது மெல்ல மேலே நகர்ந்தது. அவள் கீழே கொண்டுவந்தாள். மறுபடி நகர்ந்தது. புருவம் சுருங்கியது. சுருதிப் பெட்டியின் குமிழைத் தொட்டுப் பார்த்தாள், அது சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை எடுத்தாள். இந்தத் தடவை நடுவிலேயே நிறுத்திவிட்டாள். நான் மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தின்னத் தின்ன ஆசை அடங்காத பண்டம் மாதிரி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மகாதேவா, ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு. சுருதியைக் கெடுக்கறது," என்றாள் மாமி.

ஏப்ரல் மாதப் புழுக்கம். ஹால் முணுமுணுத்தது. மகாதேவன் எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "ஃபேன் எப்பவும் போலத்தானே மாமி சுத்தறது? குழந்தைகள்லாம் இருக்கா. நிறுத்தினா வெந்துபோயிடுவா."

"உனக்குக் கேக்கலையா? கோகுல், உனக்கு?"

கோகுல்நாத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். பின்வரிசையில் யாரோ, "பாவம், வயசாச்சு. சுருதி நிக்கலை, ஃபேன் மேல பழியைப் போடறா," என்றார்கள். அமலா திரும்பி ஆமாம் என்கிற மாதிரி கண்ணைக் காட்டினாள். வந்துவிட்டது. நான் ஒன்பது வருஷமாகக் காத்திருந்த வார்த்தை, இந்த ஹாலில், இவள் காது கேட்க, வந்துவிட்டது. எனக்குப் புல்லரித்தது.

மாமி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து என்னிடம் நின்றாள்.

"ராஜஸ்ரீ, நீ சொல்லு. உனக்குக் கேக்கறதோல்லியோ?"

மைக்கில் கேட்டாள். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அத்தனை பேர் இருக்கிற சபையில் காது உள்ளவள் என்று என்னைத்தான் தேடினாள். அப்படியானால் அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் டம்ளரைக் கூடக் கீழே வைக்காமல் அப்படிச் சொன்னாள். கேட்கிறது என்று சொன்னால் போதும், ஊர் முன்னால் என் காது நிரூபணமாகிவிடும், கூடவே அவளும் பிழைத்துப் போவாள். அவள் பிழைக்கக்கூடாது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமி," என்றேன்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் தளர்ந்தது. காதை ஒரு தரம் விரலால் தேய்த்துக்கொண்டாள்.

"அப்படின்னா என் காதுலதான் கோளாறு," என்றாள் மெதுவாக. மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது. "இவளுக்குக் கேக்கலைன்னா அங்க சத்தம் இல்லைன்னுதான் அர்த்தம். இந்த ஊர்ல இவ காதுக்கு மேல ஒரு காது கிடையாது. நான்தான் ஒருகாலத்துல அசூயையில ஏதோ சொல்லிட்டேன்." பிறகு ஜமுக்காளத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "வாடி. கல்யாணியைப் பாதியில விடக்கூடாது. நீ வந்து முடி."

ஹால் கைதட்டியது. அமலாதான் முதலில் தட்டினாள். மறுக்க முடியுமா? எழுந்து போனேன். மேடை ஏறி மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைக் என் முன்னால் வந்தது. இத்தனை நாள் நான் கேட்டதெல்லாம் ஒரே நிமிஷத்தில் கிடைத்துவிட்டது, தலைக்கு மேலே முனகலோடு சேர்த்து.

ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு வாயில்லை. நான்தான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேனே. சுருதிப் பெட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு பாடிவிடலாம், நமக்கு இல்லாத பிடியா என்று தைரியம் சொல்லிக்கொண்டு ஆரம்பித்தேன். வேகமான பிடிகள் வரைக்கும் சரியாகவே போயிற்று. ஸட்ஜத்தில் நிற்க வேண்டிய இடம் வந்தது. நின்றேன். என் குரல் மேலே நகர்ந்தது. இழுத்தேன். நகர்ந்தது. அபுதாஹிர் கடையில் நகர்ந்த அதே மயிரிழைதான். ஹாலில் ஒரு முகம் சுளிக்கவில்லை. அமலா தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தாள். மகாதேவன் தப்பான இடத்தில் தாளம் போட்டார். இந்த ஜனங்களுக்காகவா ஒன்பது வருஷம் தொண்டையைப் பூட்டி வைத்திருந்தேன் என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில் குரல் இன்னும் ஏறியது.

தொடையில் தட்டிக்கொண்டிருந்த மாமியின் கை நின்றது.

நான் திரும்பவில்லை. திரும்பாமலே அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. மாமி அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"கேக்கலைன்னு சொன்னே. குரல் மட்டும் ஏன் அங்கே போறது?"

நான் பாட்டை விடாமல் பாடினேன். மாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுருதிப் பெட்டியை ஜமுக்காளத்திலிருந்து இரண்டு கையாலும் தூக்கினாள். குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். புதிதாகச் சேர்ந்த குழந்தைக்குப் பிடிப்பதைப் போல என் காதோரம் கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கேட்டுப் பாடு. மேலே இருக்கறதை விட்டுடு," என்றாள்.

என் சுருதி சேர்ந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் மாமி கையை இறக்கவில்லை. முன்வரிசையில் அமலா ஆட்டிக்கொண்டிருந்த தலையை நிறுத்திவிட்டு, என் காதோரம் இருந்த பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலிக்காரியிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவள் வரிசையில் ஒவ்வொருவராகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்கள். ஜூனில் ரீனா வகுப்பில் சேர்ந்தாள், விசாலம் மாமியிடம்.